சாப்பாட்டு டப்பாவில் சோப்பு வாசனை

ஓட்டைவாய் என்று அவனுக்குப் பெயர் வைத்தது அவன் அண்ணன்தான். வீட்டில் யார் எதை ஒளித்தாலும் அது முதலில் வெளியே வருவது தம்பியின் வாய் வழியாகத்தான். உடைந்த விளக்கோ, அண்ணன் சட்டைப் பையில் இருந்த சிகரெட்டோ, எதுவும் அவன் வயிற்றில் பொழுது சாயும்வரை தங்கியதில்லை. சொன்னதற்கு அவனுக்கும் சேர்த்துத்தான் அடி விழும். ஆனால் அவன் சொல்லும் விதத்தில் அப்பாவுக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிடும், ஓங்கிய கை பாதியில் நின்றுவிடும். அடிக்க வந்தவனைச் சிரிக்க வைத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்பதை அவன் படித்தது அங்கேதான். வளர்ந்து மேடை ஏறியபோது அந்தப் பெயரையே வைத்துக்கொண்டான். "அடுத்து வர்றது நம்ம ஓட்டைவாய்!" என்று அறிவித்தவுடனே பாதிப் பேர் வாயைத் திறந்து தயாராகிவிடுவார்கள்.

மேடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காபிக் கடையின் மாடி அறை. ஒன்றுக்கொன்று சேராத நாற்காலிகள், ஒரு மைக், அதற்கு மேலே யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டிய விளக்கு. கீழே காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் இருந்தது. அது சும்மா இருக்கும் நேரமெல்லாம் சும்மா இருந்துவிட்டு, இவன் கடைசி வரியைச் சொல்லப்போகும் நேரம் பார்த்து அலறும். சனி, ஞாயிறு மாலைகளில் இந்தக் கூத்து. மற்ற நாட்களில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை.

கடையில் அவனுடைய வேலை ஃபிரேம் பொருத்துவது. ஆளை எதிரே உட்காரவைத்து, காதுக்குப் பின்னால் விரலைவிட்டு, எங்கே உறுத்துகிறது என்று தடவிப் பார்த்து, கம்பியைச் சூட்டில் காட்டி வளைத்து, மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். பழைய கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புதியது கைக்கு வரும்வரை அந்த மனிதருக்கு எதிரே இருப்பவனின் முகம் தெரியாது. முகம் தெரியாதவனிடம் மனிதர்கள் எதையும் சொல்லிவிடுகிறார்கள். ஒருவர், "பொண்டாட்டிக்கு வயசாகறது என் கண்ணுக்குத் தெரிய வேணாம்னுதான் இத்தனை நாள் கண்ணாடியே போடலை" என்றார். ஒரு டீச்சர், "எழுத்து தெரியலைன்னு வெளியே சொல்ல வெக்கமா இருந்துச்சு, அந்தப் பருவம் முழுக்க எல்லாப் பிள்ளைக்கும் பாஸ் போட்டுட்டேன்" என்றார். அவன் பவ்யமாகக் கேட்டுக்கொண்டே கம்பியை வளைப்பான். ஞாயிற்றுக்கிழமை மாடியில் அந்த மனைவிக்கு வயதாகும். அந்தப் பிள்ளைகள் பாஸாவார்கள்.

இதற்கு அவன் ஒரு விதி வைத்திருந்தான். "விஷயத்தை மாத்தாதே, ஆளை மாத்து" என்பான், புதிதாக மேடைக்கு வருகிறவர்களிடம். எவனுக்கு நடந்ததோ அவனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீ போய் நில். கதையில் வரும் முட்டாள் நீயாகவே இரு. அப்போது யாருக்கும் காயம் படாது. இதை ஒரு தர்மம்போலச் சொல்வான். தர்மம்தான். அடுத்தவன் வீட்டுப் பாத்திரத்தை எடுத்துவந்து அதில் நம் பெயரை வெட்டிக்கொள்வது தர்மம் என்றால் இதுவும் தர்மம்தான்.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் மேடையில் மட்டும் ஒரு மனைவி உண்டு. பெரும்பாலும் அவன் அண்ணிதான் அது. அண்ணி கதவைச் சாத்தும் விதம், கோபத்தில் பாத்திரம் வைக்கும் சத்தம், "ஒண்ணுமில்ல" என்று அவள் சொல்லும்போது அதற்குள் இருக்கும் ஒன்பது விஷயம், எல்லாம் அந்த மனைவியிடம் இருந்தன. அண்ணிக்கும் இது தெரியும். கோபித்துக்கொண்டதில்லை. சாப்பாடு போடும்போது, "உன் மேடைப் பொண்டாட்டியைக் கேட்டதா சொல்லு" என்பாள். அண்ணன் தட்டைப் பார்த்தபடி, "அவளாவது இவன் பேச்சைக் கேக்கறாளா?" என்பான். உண்மையைச் சொல்லப்போனால் அந்த வீட்டில் அசல் சிரிப்புக்காரன் அண்ணன்தான். மூன்று வார்த்தையில் முடித்துவிடுவான். அதையே இழுத்துப் பத்து நிமிடமாக்கிக் கைதட்டு வாங்குவது தம்பியின் தொழில்.

அண்ணனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வை வேலை. மீனும் பழமும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் இடம். கொளுத்தும் வெயிலிலும் அவன் கையில் ஒரு தடித்த ஜாக்கெட்டோடுதான் வீட்டைவிட்டுப் புறப்படுவான்.

ஒருநாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், அந்த ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தான். வேலை நேரத்தில் அவன் வந்ததே இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"மூக்குல வழுக்குதுடா. பாரு."

வழுக்கவில்லை. தம்பி எடுத்துப் பார்த்துவிட்டுச் சும்மா துடைத்துக்கொண்டிருந்தான்.

"வேலை போயிடுச்சு" என்றான் அண்ணன். "கிடங்கை மூடிட்டாங்க. ரெண்டு மாசம் ஆகப்போகுது."

"அண்ணிக்கு?"

"தெரியாது. கணக்கு முடிச்சுக் குடுத்த காசைத்தான் சம்பளம்னு அவ கைல குடுக்கறேன். போன தடவை வேலை போனப்ப அவ எப்படி ஆயிட்டா, நீயே பாத்தேல்ல? தூக்கம் இல்லாம, சாப்பாடு இறங்காம, படுத்த படுக்கையா. இன்னொரு தடவை என்னால அதைப் பாக்க முடியாதுடா. வேற வேலை கெடைக்கட்டும். கெடச்ச அன்னைக்கு நானே சொல்லிக்கறேன்."

"அப்ப தினமும் காலைல கெளம்பி எங்க போற?"

அண்ணன் முகத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "பெரிய ஆஸ்பத்திரிக்கு."

தம்பி பதறிவிட்டான்.

"அட, உடம்புக்கு ஒண்ணுமில்லடா. அங்க காத்திருக்கற ஹால் இருக்குல்ல, அங்க. ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு. எதுக்கு உக்காந்திருக்கேன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். பார்க்குல உக்காந்தா வாட்ச்மேன் வந்துடறான். அங்க என் மூஞ்சியைப் பாத்துட்டு எழுந்து எடம் குடுக்கறாங்க." பக்கத்தில் ஒரு வயதான அம்மா தினமும் உட்கார்ந்திருப்பாராம். அவர் கணவர் மேலே வார்டில் படுத்திருக்கிறார். அந்த அம்மா மட்டும் ஒருநாள் யாருக்கு முடியவில்லை என்று கேட்டுவிட்டார். "வாயில என்ன வந்துச்சோ, 'தம்பிக்கு'ன்னு சொல்லிட்டேன். இப்ப அந்தம்மா தினமும் உனக்காக வேண்டிக்குது. விட மாட்டேங்குது, எப்படி இருக்கான், எப்படி இருக்கான்னு. நானும் எவ்வளவு நாளைக்குத்தான் சமாளிக்கறது? உனக்கு ஒரு கிட்னியை எடுத்தாச்சுடா."

தம்பி மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். அண்ணனும் சிரித்தான். டப்பா விஷயத்தை அப்புறம்தான் சொன்னான். சாப்பாடு சில நாள் இறங்குவதில்லை. வாசல் காவலாளிக்குக் கொடுத்துவிடுகிறான். அப்படியே வெறும் டப்பாவைக் கொண்டுபோனால் ஏதோ தப்புச் செய்த மாதிரி இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக் கழிப்பறையில், கை கழுவ வைத்திருக்கும் ரோஸ் கலர் சோப்பை அழுத்தி அழுத்தி எடுத்து, தேய்த்துக் கழுவித்தான் வீட்டுக்கு எடுத்துப் போகிறானாம். "கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு டம்ளர் கழுவினதில்ல நான். இப்ப டப்பா பளபளன்னு போகுது. ரோஜாப்பூ வாசனை வேற." அதைச் சொல்லும்போது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பில் வந்ததா என்று தம்பியும் கேட்கவில்லை.

எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இப்போது தம்பியின் முகத்தை நன்றாகப் பார்த்தான். "டேய் ஓட்டைவாய். இது உன் வயித்துலயே இருக்கணும்."

"அண்ணா, சத்தியமா."

சத்தியம் பண்ணும்போது அவன் பொய் சொல்லவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன்மேல் அவனுக்கு உயிர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஒன்றும் எடுபடவில்லை. வழக்கமான சரக்கு எல்லாம் ஊசிப்போயிருந்தது. முன் வரிசையில் ஒருத்தி கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். சிரிக்காத கூட்டத்தின் முன்னால் நின்றவனுக்குத்தான் தெரியும், நாக்கு காய்ந்து, காது சூடாகி, உயிரைத் தவிர எதைக் கேட்டாலும் கொடுத்துவிடலாம் போலிருக்கும். அவன் கொடுத்துவிட்டான். "எனக்கு வேலை போயிடுச்சுங்க" என்று ஆரம்பித்தான்.

அறை நிமிர்ந்து உட்கார்ந்தது.

அன்று வீட்டுக்குப் போகும்போது நெஞ்சு குறுகுறுத்தது. ஆனால் கைதட்டல் காதிலேயே இருந்தது. ஆளை மாற்றிவிட்டோமே என்று தன்னையே தேற்றிக்கொண்டான். அப்புறம் அந்தக் கதையை உட்கார்ந்து செதுக்கினான், ஃபிரேமை வளைப்பது மாதிரி, எங்கெங்கே உறுத்தும் என்று பார்த்துப் பார்த்து. ஜாக்கெட் வந்தால் கிடங்கு ஞாபகம் வரும், அதை எடுத்துவிட்டான். தம்பிக்கு ஆபரேஷன் என்பதை அண்ணனுக்கு ஆபரேஷன் என்று ஆக்கினான். காவலாளியை எடுத்துவிட்டான். எடுக்காமல் விட்டது சோப்பு ஒன்றைத்தான். எடுக்க மனம் வரவில்லை. சிரிப்பே அங்கேதான் இருந்தது. அண்ணனுக்கும் தனக்கும் தவிர அந்த வாசனை உலகத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தான். போதாக்குறைக்கு முடிவுக்கு ஒன்று வேண்டுமே என்று, மேடை மனைவி டப்பாவை மோந்து பார்ப்பதாகச் சொந்தமாகவே ஒன்றைக் கட்டிச் சேர்த்தான்.

கதை ஊரில் பரவி, நகரத்துப் பெரிய அரங்கில் ஒரு மாலைக்கு அவனைக் கூப்பிட்டார்கள். உண்மையான மேடை, உண்மையான விளக்கு, கீழே அரைக்கும் இயந்திரம் இல்லை. வீட்டுக்கு இரண்டு டிக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தான். அண்ணி குழந்தை மாதிரி குதித்தாள். அண்ணன் மட்டும், "அன்னைக்கு எனக்கு ஷிஃப்ட் இருக்கே" என்றான், தம்பியின் கண்ணைப் பார்க்காமல். இல்லாத ஷிஃப்ட்டுக்காக அந்த மாலையும் அவன் ஆஸ்பத்திரியில்தான் உட்கார்ந்தாக வேண்டும். அதைக் கேட்டுத் தம்பிக்குப் பாவமாக இருக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. அண்ணன் வரமாட்டான், அப்படியானால் அதைச் சொல்லலாம் என்று தோன்றியது. அவன் செய்ததிலேயே கேவலமானது மேடையில் பேசியது அல்ல. அந்த நிம்மதிதான்.

அரங்கில் அண்ணி மூன்றாவது வரிசையில் இருந்தாள். நல்ல புடவையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு காலி நாற்காலியோடு.

"வேலை போயிடுச்சுங்க. வீட்ல சொல்லலை. காலைல குளிச்சு, தலை சீவி, டப்பாவை எடுத்துக்கிட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரி. பஸ் ஸ்டாண்டுல உக்காந்தா எந்த பஸ்சுன்னு கேப்பான். ஆஸ்பத்திரில யாரும் எந்த வியாதின்னு கேக்க மாட்டான்." அரங்கம் அதிர்ந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அண்ணனின் கிட்னி போன இடத்தில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் தோளில் தட்டிச் சிரித்தாள். அவன் அவளைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். நம் ஆள் ஒருவர் சிரிக்கும்போது வரும் தெம்பே தனி.

"டப்பாவைக் கழுவணும்ல? அங்க ஒரு ரோஸ் கலர் சோப்பு. அழுத்தினா எச்சில் மாதிரி சொட்டும். அதைப் போட்டுத் தேய்ச்சு வீட்டுக்குக் கொண்டுபோறேன். பொண்டாட்டி தெறக்கறா. மோந்து பாக்கறா. மறுபடி மோந்து பாக்கறா. 'யாரு அவ?'ங்கறா. 'எவ?' 'உனக்குத் தினமும் டப்பா கழுவித் தர்றாளே, அவ!'"

கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. அண்ணியின் கை மட்டும் வாயிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது. சிரிப்பு அவள் முகத்தில் இன்னும் இருந்தது, அதை எடுத்து எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து, முழங்கால்களை இடித்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க" என்று வரிசையைத் தாண்டிப் போனாள். கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து வணக்கம் சொன்னான். வேறு என்ன செய்வது என்று அந்த நிமிடம் அவனுக்குத் தெரியவில்லை.

அவன் கட்டிச் சேர்த்தது பொய்யில்லை என்பது அப்புறம் தெரிந்தது. அண்ணி நாள்தோறும் அந்த டப்பாவை மோந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எவளோ ஒருத்தி கழுவித் தருகிறாள் என்றே நினைத்து, யாரிடமும் சொல்லாமல், கேட்கவும் பயந்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறாள். அரங்கிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். காத்திருக்கும் ஹாலில், மடியில் ஜாக்கெட்டோடு, அந்த வயதான அம்மாவுக்குப் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். புடவையும் நகையுமாக வந்து நின்றவளைப் பார்த்து அந்த அம்மா, "தம்பியைப் பாக்க வந்தியாம்மா?" என்று கேட்டாராம்.

அடுத்த திங்கட்கிழமை அண்ணனை ஒரு பழ மண்டியில் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சேர்ந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தானே சொல்லலாம் என்று எப்படிச் சொல்வது என்பதுவரை யோசித்து வைத்திருந்தான். வேலை கிடைத்தது. சொல்வதற்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை.

யாரோ எடுத்த வீடியோ கைப்பேசி கைப்பேசியாக ஓடியது. தெருவில் போனால் "டப்பா! டப்பா!" என்று கூப்பிட்டார்கள். மண்டியில் புதிதாகச் சேர்ந்த அண்ணனிடமே ஒருவன் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான், "இதைப் பாருங்கண்ணே, வயிறு வலிக்கும்" என்று. அண்ணன் முழுவதும் பார்த்துவிட்டுச் சிரித்தானாம். வேறு என்ன செய்வான்?

தம்பி எத்தனையோ தடவை ஃபோன் செய்தான். எடுக்கவில்லை. கடைசியில் ஒருநாள் நேரிலேயே போய்விட்டான். திட்டட்டும், அடிக்கட்டும், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனான். கதவைத் திறந்தது அண்ணன்.

"வாங்க" என்றான். "உள்ள வந்து உக்காருங்க."

பிறந்ததிலிருந்து அவனை 'டேய்' என்று கூப்பிட்ட வாய். "அண்ணா, என்னை நாலு அறை அறைஞ்சிடு, இப்படி மட்டும் பேசாதே" என்றான்.

"எதுக்குங்க? நல்லாத்தானே பண்ணீங்க? எல்லாரும் ரசிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன்."

அண்ணி டீ கொண்டுவந்து வைத்தாள். பாத்திரம் வைத்த சத்தம்கூட வரவில்லை. இனி அந்த வீட்டில் அவன் காதில் எந்தச் சத்தமும் விழாது என்பது அவனுக்குப் புரிந்தது. "அண்ணி, நீங்க தினமும் மோந்து பாத்தது தெரியாம..." என்று அவன் ஆரம்பித்தான்.

"அவர் என்கிட்ட மறைச்சதை நான் மன்னிச்சிட்டேன்" என்றாள் அண்ணி. "நீ சொன்னதைக்கூட விடு. நான் சிரிச்சேன்ல? என் புருஷன் சாப்பாடு இறங்காம கக்கூஸ்ல நின்னு டப்பா கழுவினதுக்கு, அத்தனை பேரோட சேந்து நானும் கைதட்டிச் சிரிச்சேன். அதுக்கு நான் யார்கிட்ட போய் மன்னிப்புக் கேக்கறது?"

அவன் டீயைக் குடித்தான். சூடு நாக்கைப் பொசுக்கியது. வெயில் அதிகம் என்றான் அண்ணன். ஆமாம் என்றான் தம்பி. பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டான் அண்ணன். வருகிறது என்றான் தம்பி. மேடையில் எடுத்து வைக்க முடியாதபடி, எதிலும் எதுவும் ஒட்டாதபடி பொறுக்கிப் பொறுக்கிப் பேசினார்கள்.

வாசல்வரை அண்ணன் கூட வந்தான். விருந்தாளியை வழியனுப்புவதுபோலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"போன வாரம் ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருந்தேன். அந்தம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க. அவங்க வீட்டுக்காரருக்குக் குணமாகலை. என்னைப் பாத்ததும் தம்பி எப்படி இருக்கான்னு கேட்டாங்க."

தம்பி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தவறிட்டான்மா, அப்படின்னு சொல்லிட்டேன்" என்றான் அண்ணன். "பாவம், அந்தம்மா ரொம்ப அழுதாங்க." கதவைச் சாத்திக்கொண்டான்.

தம்பி படி இறங்கி, பஸ் பிடித்து, ஜன்னலோரமாக உட்கார்ந்தான். கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்கவும் இல்லை, பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். அழுதுகொண்டுதான் இருந்தான். ஆனால் உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தது. 'தம்பி எப்படி இருக்கான்' என்பதற்கும் 'தவறிட்டான்' என்பதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று அது சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது.